கரம்பைக் குழி

போன மாதத்தோடு என் வேலை முடிந்தது. கிராமங்களில் வீடு வீடாகப் போய், கட்டிய கழிப்பறையைப் பயன்படுத்தச் சொல்லுகிற வேலை. ஊக்குநர் என்று அதற்குப் பெயர். கடைசி நாள் பாளையங்கோட்டையில் ஒரு கூட்டம் வைத்து எனக்குச் சால்வை போட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். அதில் ஒரு பெண் எழுந்து, "அக்கா, கட்டச் சொன்னா கட்டிருதாவ. உள்ள போகச் சொன்னாத்தான் மாட்டேங்காவ. நீங்க எப்படிக்கா போக வச்சிய?" என்று கேட்டாள்.

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பையப் பையச் சொன்னா கேப்பாவம்மா" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்தப் பெண்ணின் முகத்தில் மட்டும் கேள்வி அப்படியே இருந்தது. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை.

என் பெயர் பேச்சியம்மாள். பத்தாம் வகுப்பு வரை படித்தேன். சின்ன வயதிலிருந்தே நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். மகளிர் குழுவில் கணக்கு எழுத நான், பேச வேறு ஒருத்தி. அந்தக் குழுவிலிருந்துதான் இந்த வேலைக்கு ஆள் எடுத்தார்கள். எழுதுகிற வேலை என்று நினைத்து ஒத்துக்கொண்டேன். ஒரு வாரப் பயிற்சி. இரட்டைக் குழிக் கழிப்பறையின் படத்தைப் பலகையில் போட்டு விளக்கினார்கள். கடைசி நாள்தான், இதையெல்லாம் வீடு வீடாகப் போய் வாயால் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது.

சொல்லுவதற்கு எனக்கு வார்த்தையே இல்லை. கழிப்பறை என்றால் அரசாங்க அறிவிப்பு மாதிரி இருந்தது. கக்கூஸ் என்று சொல்ல நாக்கு கூசியது. எங்கள் பக்கத்துப் பெண்கள் அதற்குப் பெயரே சொல்ல மாட்டார்கள். "வாய்க்காலுக்குப் போயிட்டு வாரேன்" என்பார்கள். முதல் மாதம் நான் பல வீடுகளுக்குப் போய், தண்ணீர் வாங்கிக் குடித்து, பிள்ளைகள் படிப்பை விசாரித்துவிட்டுத் திரும்பினேன்.

எங்கள் மேற்பார்வையாளர் ஜெபராஜ் சார். பாளையங்கோட்டைக்காரர். துவைத்துத் துவைத்து மெலிந்த வெள்ளைச் சட்டை, பழைய மொபெட், பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரல். என் முதல் மாத வேலையைக் கேட்டுவிட்டு, "பேர்ல மட்டும்தான் பேச்சு இருக்கு போல" என்றார். திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "நாளைக்கு எங்கூட வா. நீ ஒண்ணும் பேச வேண்டாம்" என்றார்.

மறுநாள் களக்காட்டுப் பக்கம் ஒரு வாழைத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனோம். கழிப்பறை கட்டியிருந்தது. சார் ஒரு வார்த்தைகூட அதைப் பற்றிப் பேசவில்லை. வாழைக்குலை விலை பேசினார், காட்டுப்பன்றித் தொந்தரவு பேசினார். எழுந்திருக்கும்போது, "அண்ணாச்சி, ரொம்ப தூரம் போகணும். உங்க பாத்ரூமுக்குக் கொஞ்சம் போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

"உள்ள அடைக்கோழி கெடக்கு சார்" என்றார் வீட்டுக்காரர். "தொந்தரவு பண்ணப்படாது."

"அப்படியா. எப்பப் பொரிக்கும்?"

"ஒரு வாரம் ஆவும்."

"சரி. குஞ்சு பொரிச்சதும் வாரேன்."

சொன்னபடி அடுத்த வாரம் போனார். குஞ்சுகள் முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தன. வீட்டுக்காரர் வேறு வழியில்லாமல் உள்ளே பெருக்கி, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சார் போய்விட்டு வந்தார். "நல்லா கட்டியிருக்கிய. கதவு மட்டும் கீழ உரசுது" என்றார். அவ்வளவுதான். திரும்பும் வழியில் சொன்னார்: "ஒருத்தன் உபயோகிச்ச எடத்துல திரும்பவும் கோழியை அடைக்க மனசு வராது. நீ எதையும் சொல்ல வேண்டாம், கேளு. கேட்டா வீடே பதில் சொல்லும்."

வீடு பதில் சொல்லுவதை எப்படிப் படிப்பது என்பதையும் அவர்தான் காட்டினார். கதவுக் கொண்டியில் துரு இருக்கிறதா, கதவின் மேல் மூலையில் சிலந்தி வலை இருக்கிறதா, வாளி ஈரமா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் புல். "பின்வாசல்லேருந்து கழிப்பறைக்குப் போற வழியைப் பாரு. மனுஷக் கால் தினமும் பட்டா அங்கன புல் நிக்காது. வாளியை நனைச்சு வைக்கலாம், கொண்டியத் தேய்ச்சு வைக்கலாம். புல்லை ஒருத்தரும் ஏமாத்த முடியாது."

நானாக முதன்முதலில் ஒரு வீட்டில் கேட்டபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த வீட்டு ஆச்சி, "என்னட்டி, வயித்தக் கலக்குதா? மூஞ்சி வேர்த்துப்போய் கெடக்கு" என்று ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டாள். ஆனால் போகப் போகத் தெரிந்தது, என் கூச்சம் இந்த வேலைக்குத் தடை இல்லை. கூச்சத்தோடு கேட்கிறவளிடம் பெண்கள் கூச்சம் இல்லாமல் பேசினார்கள். விடிவதற்குள் போய்விட்டு வர வேண்டிய அவசரம், கரையில் ஆள் வந்தால் பாதியில் எழுந்து நிற்பது, மாதவிலக்கு நாட்களில் படுகிற பாடு, எல்லாம் என்னிடம் சொன்னார்கள்.

சில வருஷங்கள் போன பிறகும் ஒரு தெரு மட்டும் மசியவில்லை.

சீவலப்பேரி போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, எங்கள் ஊருக்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்தால் அந்த ஊர். அங்கே ஒரு தெருவில் எல்லா வீட்டுக்கும் அரசுத் திட்டத்தில் கழிப்பறை கட்டியிருந்தது. ஒருவரும் போகவில்லை. காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "சுடலைமுத்து அண்ணாச்சியே போகல."

சுடலைமுத்து அண்ணாச்சி கொஞ்சம் வயலைக் குத்தகைக்குப் பயிர் செய்து, மற்ற நாட்களில் கூலிக்குப் போகிறவர். அறுபதைத் தாண்டியவர். கோயில் கொடைக்கு வரி போடுவதானாலும், புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்ப்பதானாலும் அந்தத் தெரு அவரைத்தான் கேட்கும். நான் போய் வழக்கம்போல, "அண்ணாச்சி, பாத்ரூம் போகணும்" என்றேன்.

"போலாம் தாயி" என்றார் சிரிக்காமல். "வைக்கோல எங்கன எடுத்து வைக்க?"

கதவைத் திறந்து காட்டினார். கூரை வரை வைக்கோல் அடைத்திருந்தது.

நான் பயிற்சியில் படித்ததைச் சொன்னேன். இரண்டு குழி இருக்கிறது. முதல் குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு இரண்டாவதுக்குத் திருப்பிவிட வேண்டும். முதல் குழியை இரண்டு கோடை சும்மா விட்டால் உள்ளே இருப்பதெல்லாம் மண்ணாகிவிடும், நாற்றமே இருக்காது, யார் வேண்டுமானாலும் அள்ளலாம் என்றேன். மண் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "போயிட்டு வா தாயி" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

அவர் மனைவி இசக்கியம்மாள் மதினி என்னைக் குழாயடி வரை கொண்டுவிட வந்தாள். இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. ஒவ்வொரு அடிக்கும் சுவரைப் பிடித்தாள்.

"வாய்க்காக் கரை ஏறி எறங்க முடியலட்டி. போன வாரம் சறுக்கி விழுந்துட்டேன்" என்றாள். "அதான் மத்தியானத்துக்கு மேல தண்ணி குடிக்கதில்ல. ராத்திரிச் சோறும் நிறுத்திட்டேன். உள்ள போனாத்தான வெளிய போகணும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். உதடு வெடித்திருந்தது. நீர்க்கடுப்பில் துடிப்பதாகவும், நர்சம்மா தண்ணீர் குடிக்கச் சொல்லித் திட்டியதாகவும் சொன்னாள்.

"அண்ணாச்சிகிட்ட நீங்க சொல்லக் கூடாதா மதினி?"

"கேட்டேன். 'உனக்குத் தெரியாது இசக்கி'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாவ. என்ன தெரியாதுன்னு சொன்னாத்தான தெரியும்."

அன்று ஜெபராஜ் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே முழுவதும் கேட்டார். எதையாவது யோசிக்கும்போது அப்படித்தான் செய்வார்.

"எந்த எடத்துல சிரிச்சாரு?" என்றார்.

"மண்ணாயிரும்னு சொன்னப்ப சார்."

"ஏன் சிரிச்சாருன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த நிம்மதியில் வந்துவிட்டேன். "நான் வந்து பேசட்டுமா?" என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "போய்க் கேட்டுட்டு வா" என்றார்.

மறுபடி போனேன். அண்ணாச்சி வயல் வரப்பில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். வரப்பில் ஏறிப் பக்கத்தில் போய் நின்றேன். பிறகு, "அண்ணாச்சி, அன்னைக்கு ஏன் சிரிச்சிய?" என்று கேட்டேன்.

அவர் செதுக்குவதை நிறுத்தவில்லை. "மண்ணுன்னு சொன்னேல்லா. அதான்" என்றார்.

இளவயதில் வேலை தேடி வெளியூர் போயிருந்தாராம். ஒரு நாள் ஒரு வீட்டுக்காரர் வந்து, மண் அள்ளுகிற வேலை, ரெண்டு ஆள் வேண்டும் என்றாராம். இவரும் இன்னொருவரும் மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பின்கட்டில் கொண்டுபோய் நிறுத்தி, கக்கூஸ் குழியின் பலகையைத் தூக்கிக் காட்டினார்களாம்.

"மண்ணு இல்ல தாயி. வேலைய முடிக்காமப் போகக் கூடாதுன்னு கதவப் பூட்டிட்டான். அள்ளினோம். அப்புறம் அந்தத் தெருவுல ஒரு கடையில எனக்குக் காப்பி தரல. ஆத்துல இறங்கி எவ்வளவு நேரம் குளிச்சேன்னு எனக்குத் தெரியாது. வீட்ல இசக்கிகிட்டகூட இன்னிவரைக்கும் சொன்னதில்ல." காம்பை மண்வெட்டியில் பொருத்தி ஒரு தட்டுத் தட்டினார். "என் வீட்டுக் குழி ஒரு நாள் நெறையும். அன்னைக்கு எவனோ ஒருத்தன் பிள்ளைய மண்ணு அள்ளணும்னு கூப்பிடணும். நான் கூப்பிட மாட்டேன். வாய்க்காக் கரையில போனா வெயில் காயவச்சுரும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம்."

 எத்தனையோ வீடுகளில் தீட்டு என்றார்கள், வாஸ்து என்றார்கள், குழி சின்னது என்றார்கள். இன்னொருத்தன் பிள்ளைக்காக மறுத்தவர் இவர் ஒருவர்தான். அவரிடம் போய் நானும் அந்தப் பொய்யனின் வார்த்தையையே சொல்லியிருக்கிறேன்.

அப்போதுதான் எங்கள் வீட்டுக் குழி ஞாபகம் வந்தது. வேலையில் சேர்ந்தவர்கள் முதலில் தங்கள் வீட்டில் கட்ட வேண்டும் என்பதால் எங்கள் தெருவில் முதல் கழிப்பறை எங்களுடையது. முதல் குழியை மூடி இரண்டு கோடை போய்விட்டது. அதை நாங்கள் இன்னும் திறந்து பார்க்கவில்லை. மண்ணாகியிருக்கும் என்பது எனக்கும் பலகையில் பார்த்த படம்தான்.

எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று தெரியவில்லை. "அண்ணாச்சி, வார ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக் குழியத் தொறக்கோம். நீங்க வந்து பாருங்க. மண்ணா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"இல்லன்னா?"

"இல்லன்னா உங்க தெருப் பக்கமே இனிமே வரமாட்டேன்."

அவர் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "என் மம்பட்டியக் கொண்டு வருவேன். நானேதான் தோண்டுவேன்" என்றார்.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊரைக் கூட்டி வீட்டைக் காட்டுவாவ, தோட்டத்தைக் காட்டுவாவ. நீ கக்கூஸ் குழியக் காட்டப் போறியா?" அந்தக் கவலைக்குப் பின்னால் இன்னொரு கவலை எனக்கு இருந்தது. குழியின் செங்கல் வளையத்தில் செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவே விரல் போகிற இடைவெளி விட வேண்டும். அது வழியாகத்தான் தண்ணீர் மண்ணில் இறங்கும். எங்கள் பக்கத்துக் கொத்தனார்களுக்கு அது பொறுக்காது. ஓட்டை வேலை செய்தான் என்று பெயர் வரும் என்று சிமென்ட் வைத்து வழவழவென்று பூசிவிடுவார்கள். பூசிவிட்டால் தண்ணீர் இறங்காது. எத்தனை கோடை போனாலும் சேறுதான். எங்கள் குழியைக் கட்டும்போது நான் பயிற்சியில் இருந்தேன். கொத்தனார் பூசினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆள் அனுப்பிக் கேட்டால், வேறு ஜில்லாவுக்கு வேலைக்குப் போயிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி மட்டும் வருவார் என்று நினைத்தேன். பாதித் தெரு வந்தது. மதினியை யாரோ ஒரு பையன் சைக்கிள் பின்னால் வைத்துக் கொண்டுவந்தான். ஜெபராஜ் சாரும் வந்து, கொய்யா மரத்தடியில் ஓரமாக நின்றுகொண்டார். எங்கள் தெருப் பெண்கள் சுவருக்கு மேலே வரிசையாகத் தலையை நீட்டினார்கள். "ஏ பேச்சி, காப்பி உண்டா?" என்று ஒருத்தி கேட்டாள்.

என் வீட்டுக்காரரும் இன்னொருவரும் கடப்பாரையால் மூடியை நெம்பினார்கள். எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நானும் பொத்தினேன்.

மூடி நகர்ந்தது. ஒரு பல்லி ஓடியது. வேறொன்றும் வரவில்லை. ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். மேலே சாம்பல் நிறத்தில் பொருக்காகக் காய்ந்து கிடந்தது.

"மேல மண்ணப் போட்டு வச்சிருப்பா" என்று கூட்டத்தில் ஒருவன் சொன்னான்.

அண்ணாச்சி குழிக்குப் பக்கத்தில் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்வெட்டியைப் போட்டார். ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு. சுற்றிலும் செங்கல் இடைவெளிகள் வரிசையாகத் தெரிந்தன. கொத்தனார் பூசவில்லை.  ஆற்றங்கரை ஊர், ஆழத் தோண்டினால் தண்ணீர் வந்துவிடும் என்பதால் எங்கள் குழி இடுப்பளவு ஆழம்தான். அவர் அடிவரை வெட்டினார். கறுப்பாக, உதிரியாக வந்துகொண்டே இருந்தது. கடைசியில் மண்வெட்டி நுனியில் ஏதோ மினுங்கியது. குனிந்து எடுத்துத் துடைத்தார். பச்சை நிறத்தில் ஒரு சட்டைப் பொத்தான்.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ஏ பேச்சி, நம்ம பய முழுங்கினதுல்லா இது" என்றார்.

ஆமாம், அதேதான். என் மகன் பள்ளிக்கூடச் சட்டைப் பொத்தானைக் கடித்து விழுங்கிவிட்டான் என்று வாழைப்பழமாக ஊட்டினோம். வந்ததா வரவில்லையா என்று தெரியாமலே விட்டுவிட்டோம். சுவருக்கு மேல் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒருத்தி கீழே விழப் பார்த்தாள். மண் போட்டு வைத்திருப்பாள் என்று சொன்னவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டுக் குழிதான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு பிடி அள்ளினார். விதைக்கிறவர் மண்ணைப் பார்ப்பது போல உள்ளங்கையில் வைத்துக் கட்டை விரலால் தேய்த்தார். முகர்ந்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி முகர்ந்தார். 

"இது மண்ணு இல்ல" என்றார்.

நான் குழிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"இது கரம்பைல்லா" என்றார். பக்கத்தில் நின்றவரிடம் கையை நீட்டினார். "பாரும்வே. குளத்துக் கரம்பை மாதிரியே இருக்கு."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லுகிறேன். கோடையில் குளம் வற்றியதும் அடியில் படிந்து கிடக்கிற கறுப்பு வண்டல்தான் கரம்பை. அதை அள்ளி வயலில் போட்டால் பயிர் எழும்பும். கரம்பை அள்ள எங்கள் பக்கம் யாரையும் ஏமாற்றிக் கூப்பிட வேண்டியதில்லை. குளத்தில் இறங்க முந்திக்கொண்டு நிற்பார்கள்.

அண்ணாச்சி கையை உதறாமல் என்னிடம் திரும்பினார். "தாயி, ஒரு கூடை தருவியா? வாழைக்குப் போடணும். நானே சுமந்துட்டுப் போறேன். எவனையும் கூப்பிட வேண்டாம்" என்றார். கடைசி வார்த்தையை என்னைப் பார்த்தே சொன்னார். ஏன் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

"எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. கையச் சோப்புப் போட்டுக் கழுவிருங்க" என்றேன். அத்தனை பேருக்கு நடுவில் அவ்வளவு சத்தமாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. ஜெபராஜ் சார் கொய்யா மரத்தடியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வார்த்தை எனக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது. நான் போகிற வீடுகளில், "ஓ, கரம்பைக் குழியா" என்று அவர்களே சொன்னார்கள். சொல்ல எனக்கும் கூச்சமில்லை, கேட்க அவர்களுக்கும் கூச்சமில்லை. அண்ணாச்சி தெருவில் வைக்கோலும் விறகும் ஆட்டுக்குட்டிகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. புதிதாகக் கட்டுகிறவர்கள் கொத்தனாரிடம், "ஓட்டைய அடைச்சுராதீரும், கரம்பை ஆகாது" என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் சரிபார்க்கப் போனேன். அண்ணாச்சி பின்வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். மழைக்குப் பிறகு எங்கும் புல் முழங்கால் உயரம் நின்றது. வீட்டிலிருந்து கழிப்பறைக் கதவு வரை மட்டும் ஒரு அடி அகலத்துக்கு வெறும் தரை, மினுமினுவென்று கிடந்தது. அது போதும். ஆனாலும் சார் சொல்லிக்கொடுத்த முறையை விடக் கூடாதே.

"அண்ணாச்சி, கொஞ்சம் பாத்ரூம் போகணும்" என்றேன்.

அவர் வாயைத் திறக்கும் முன் கழிப்பறைக்கு உள்ளேயிருந்து மதினியின் குரல் வந்தது.

"பொறுட்டி. ஆள் இருக்கு."

அண்ணாச்சி கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல், "பாத்தியா? இந்த வீட்ல இப்ப காத்துக் கெடக்கணும்" என்றார். "பிடிச்சு எந்திரிக்க செவுத்துல ஒரு இரும்புக் குழாயப் பதிச்சுக் குடுத்தாலும் குடுத்தேன், உள்ள போனா ராணி மாதிரி இருக்கா."

நான் காத்துக்கொண்டு நின்றேன். உண்மையிலேயே எனக்கு அவசரம்தான். அன்று களக்காட்டுப் பக்கம் போய்விட்டு நேராக பஸ்ஸில் வந்திருந்தேன். ஆனால் என் வேலைக் காலத்தில் அப்படிச் சந்தோஷமாக நான் எங்கேயும் காத்து நின்றதில்லை. கதவு திறந்தது. மதினி வெளியே வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பானையில் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு, அண்ணாந்து, மூச்சு விடாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"ஏட்டி, இனி நீ போ" என்றாள்.